சிறு ரப்பர்ச் சக்கரம்

இரண்டாம் உலகப் போர்க் காலம். பி-17 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று நல்லபடியாகத் தரையிறங்குகிறது. ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சக்கரங்கள் மடங்கிக்கொள்ள, விமானம் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய் நிற்கிறது. எதிரியின் குண்டு படவில்லை. எஞ்சினிலும் கோளாறு இல்லை. இத்தகைய விபத்துகள் பலமுறை நடந்தன. ‘விமானியின் பிழை’ என்று எழுதி விசாரணையை முடித்துவிடுவது அக்கால வழக்கம்.

விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். எனவே வேகத்தைக் குறைத்து இறங்கும்போது, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகடுகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து இக்குறையை ஈடுசெய்கிறார்கள். இத்தகடுகளுக்கு ஃபிளாப் என்று பெயர். தரையைத் தொட்டபின் ஃபிளாப்பை மடக்க வேண்டும். அதற்குரிய விசையைத் தட்டுவதாக எண்ணி, விமானிகள் சக்கரங்களை மடக்கும் விசையைத் தட்டிவிட்டார்கள்!

1943-இல் இதை ஆராய்ந்தவர் அல்ஃபான்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர். பி-17 போன்ற விமானங்களில் அடிக்கடி நேர்ந்த இவ்விபத்து, சி-47 என்ற சரக்கு விமானத்தில் நேரவில்லை. சி-47 விமானிகள் மட்டும் கூடுதல் திறமைசாலிகளா? அவர் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். பி-17-இல் இரண்டு விசைகளும் ஒரே உருவில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சி-47-இல் அவை வெவ்வேறு வகையானவை. சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், ஃபிளாப் விசையில் ஓர் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தலாம் என்றார் சப்பானிஸ். கண்ணால் பார்க்காமலே கை கண்டுகொள்ளும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் ஒரே அளவுப் பெட்டிகளில்தான் உள்ளன. மாற்றி இணைத்து அம்மீட்டரைக் கெடுத்த மாணவர்களை நான் கடிந்துகொண்டதுண்டு. பெட்டியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

இதே முறையை விரிவாக்கியவர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும். 1947-இல் ஒஹாயோ மாநிலத்து ரைட் ஃபீல்டு ஆய்வுக்கூடத்திலிருந்து அவர்களது அறிக்கை வெளிவந்தது. அவர்கள் விமானிகளிடமே நேராகக் கேட்டார்கள். கேள்வியை அமைத்த விதத்தில்தான் நயம் இருக்கிறது: விசையை இயக்குவதில் நீங்கள் செய்த பிழையைச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் வேறொருவர் செய்ததைச் சொல்லுங்கள். தன் பெயர் கெடுமோ என்று அஞ்சுகிறவரும் இதற்கு வாய் திறப்பார் அல்லவா? 460 அனுபவங்கள் சேர்ந்தன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றை இயக்கியவை.

காரணமும் விளங்கிற்று. பி-25 விமானத்தில் இடமிருந்து வலமாக முதலில் த்ராட்டில், அடுத்து உந்துவிசிறி, கடைசியில் எரிபொருள் கலவைக்கான நெம்புகோல். சி-47-இல் விசிறி முதலில், த்ராட்டில் நடுவில். சி-82-இலோ கலவை முதலில், விசிறி கடைசியில்! ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஏறினால் என்ன செய்யும்? அனுபவசாலிகளும் தவறியிருந்தார்கள்.

இன்று அமெரிக்கப் பயணி விமான விதிகளின்படி, சக்கரங்களை இயக்கும் கைப்பிடி சக்கர வடிவிலும், ஃபிளாப் கைப்பிடி ஃபிளாப் வடிவிலும் இருந்தாக வேண்டும்.

விமானத்தைக் கட்டுவதற்கு முன்பே ஓட்டுகிறவர் தரப்பைக் கேட்பது இன்னும் நல்லதல்லவா? 1990-களில் உருவான போயிங் 777-இன் வடிவமைப்பில் எட்டு விமான நிறுவனங்கள் பங்கேற்றன. விமானி அறை எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அவற்றின் விருப்பம் கேட்கப்பட்டது. 747-400-ஐ ஒத்த அமைப்பே தேர்வாயிற்று. தானியங்கிக் கருவி எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும்போது 777-இன் நெம்புகோல்கள் தாமே நகர்கின்றன. மேலே வைத்த கை மாற்றத்தை உணர்கிறது. 1988-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320-இல் அவை நகர்வதில்லை. விமானி திரையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். எது மேல் என்று விமானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது.