எஃகில் மாங்கனீசின் ஸ்தானம்: சேலத்து உதாரணங்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி

ஓமலூர்க் கடைத்தெருவிலும் பிற ஊர்களிலும் எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்குவோர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டாதது உயர்ந்தது, ஒட்டுவது மட்டம் என்று தீர்ப்பளிப்பதுண்டு. இந்தப் பரீக்ஷை எதை அளக்கிறது என்று விசாரிக்கப் புகுந்தால், எஃகில் கலக்கும் மூலகங்களைப் பற்றிய பொது அபிப்பிராயமே திருத்தம் பெற வேண்டியதாகிறது. குழம்புக்கு உப்புப் போல மூலகம் தன் குணத்தை எஃகுக்கு அப்படியே ஈந்துவிடுவதில்லை. அது எந்த ஸ்தானத்தில் அமர்கிறது, எதனோடு சேர்கிறது என்பதைக் கொண்டே பலன் நிர்ணயமாகிறது என்பது இக்கட்டுரையின் பக்ஷம்.

கும்பெனி உத்தியோகஸ்தராகச் சேலத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இம்மாவட்டத்து இரும்புக்கல்லை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அவரே 1839-ல் இங்கிலாந்தில், மூசையில் உருகும் எஃகில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பலனுக்குரிய காரணங்களில் ஒன்றைப் பிற்கால ரஸாயனம் விளக்கிற்று. கந்தகம் இரும்போடு கூடினால், ஆயிரம் டிகிரிக்குக் குறைந்த வெப்பத்திலேயே உருகும் மெல்லிய படலமாய் எஃகின் படிக மணிகளின் எல்லைகளிற் பரவுவதால், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது எஃகு பிளந்துபோகும். மாங்கனீசோ கந்தகத்தைத் தன்பால் இழுத்து, எளிதில் உருகாத தனித் துகள்களாக்கிவிடுகிறது. கந்தகம் அங்கேயே இருக்கிறது. தீங்கு செய்யும் இடத்தில் இல்லை.

தென்னாட்டு மூசையெஃகு இதனினும் சூக்ஷ்மமான சான்று. நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கரி கொண்ட அவ்வெஃகினின்று அடித்த டமாஸ்கஸ் வாட்களின் நீரோட்டக் கோலத்துக்கு, நூற்றில் ஒரு பங்கின் நூறிலொன்றுக்கும் குறைந்த வனேடியம் போதுமென்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் துணைவரும் 1998-ல் எடுத்துக்காட்டினர். எஃகு உறையும்போது கிளைகிளையாய் வளரும் படிகங்களின் இடைவெளிகளில் ஒதுங்கும் வனேடியமே, பின்னர்க் கார்பைடுத் துகள்கள் வரிவரியாய் அணிவகுக்கத் தூண்டுகிறது.

அளவுக்கு மதிப்பில்லையோ என்று ஆக்ஷேபிக்கலாம். உண்டு, ஆனால் அளவு ஸ்தானத்தை மாற்றியே பயன் தருகிறது. கஞ்சமலை அடிவாரத்தில் 1981-ல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையின் பிரசித்தமான எவர்சில்வர் வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத ஆக்ஸைடுப் படலமாய் நின்று துருவைத் தடுப்பது குரோமியம். காந்தம் பற்றாத அணுவமைப்பைச் சாதாரண வெப்பத்திலும் நிலைபெறச் செய்வது நிக்கல். ஆகவே காந்தம் அறிவிப்பது அமைப்பையேயன்றித் துரு தாங்கும் சக்தியையன்று. நிக்கலற்ற 17 விழுக்காட்டுக் குரோமிய எஃகு காந்தத்தில் ஒட்டியும் துருவை நன்கு தாங்கும். நிக்கலின் பெரும்பங்கு ஸ்தானத்தை மாங்கனீசும் நைட்ரஜனும் ஏற்கும் மலிவு வகையோ, காந்தத்தில் ஒட்டாமலே, குரோமியம் குறைந்தவிடத்து எளிதில் துருப்பிடிக்கும்.

ஹீத்தின் மூசையிற் கந்தகத்தைக் கட்டிய அதே மாங்கனீசு, இங்கே அணுவமைப்பினுள் நிக்கலின் பிரதிநிதியாய் அமர்ந்து காந்தத்தை ஏமாற்றுகிறது. ஆதலால் மூலகத்தின் பெயரும் காந்தத்தின் சாக்ஷியமும் தனித்தனியே போதா. பாத்திரத்தின் அடியிற் பொறிக்க வேண்டுவது, கலவையை முழுமையாய்ச் சொல்லும் தர எண்.