இன்மையைப் பேசுவது வெறும் பேச்சா?

மெய்ப்பொருளியல் கூற்றுகள் பொய்யானவைகூட அல்ல, பொருளே அற்றவை. வியன்னா வட்டத்தைச் சேர்ந்த ருடால்ஃப் கார்னாப் 1930களின் தொடக்கத்தில் 'எர்கென்ட்னிஸ்' இதழில் வழங்கிய தீர்ப்பு இது. 1929இல் மார்ட்டின் ஹைடெக்கர் ஆற்றிய உரையில் 'சூனியம்' குறித்து வரும் வாக்கியங்களே கார்னாப்புக்குச் சான்று. 'வெளியே ஒன்றுமில்லை' என்பதில் குற்றமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யை ஒரு பொருளின் பெயராக்கி, அது என்ன செய்கிறது என்று கேட்பதுதான் குற்றம்.

ஹைடெக்கருக்கு இது பொருந்தலாம். பண்டையோர் அனைவர்மீதும் இதே குற்றத்தைச் சுமத்த முடியுமா?

இல்லாததைச் சொல்லவோ எண்ணவோ இயலாது என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வாதிட்டவர் எலேயாவின் பார்மெனிடிஸ். பொருளுள்ள பேச்சின் எல்லை பற்றிய வாதந்தானே அது! அவ்வகையில் கார்னாப்புக்கு அவர் முன்னோடி. அதிலிருந்து பிறப்பு, அழிவு, மாற்றம் எதுவுமே இல்லை என்று அவர் முடிவுகட்டினார். வெற்றிடம் இன்றி அணுக்கள் அசையா, ஆகவே இல்லாததும் உண்டு என்று லூசிப்பசும் டெமாக்ரிடசும் மறுத்தனர். மறுப்பு எழுந்ததாலேயே ஒரு கூற்றுக்குப் பொருள் வந்துவிடாது. வெற்றுச் சொற்களுக்காகவும் சண்டைகள் நடந்ததுண்டு. இன்னும் இறுக்கமான அளவுகோல் வேண்டும்.

அதை வகுத்தவர்கள் இந்தியாவின் நியாய மரபினரான நையாயிகர்கள். 'அபாவம்' எனப்படும் இன்மையை அவர்கள் ஏழாவது பதார்த்தமாகவே (பொருள்வகையாகவே) ஏற்றனர், ஆனால் நிபந்தனையோடு. எதனுடைய இன்மை, எங்கே இன்மை என்ற இரண்டுக்கும் விடை சொல்லியாக வேண்டும். 'தரையில் குடம் இல்லை' என்றால் குடம் பிரதியோகி, தரை இடம். பிரதியோகி வேறெங்கும் இல்லாத பொருளாக இருக்கவும் கூடாது. அப்படியானால் முயற்கொம்பு? முயல் உண்டு, மாட்டின் தலையில் கொம்பும் உண்டு. முயலின் தலையில் கொம்பு இல்லை, அவ்வளவே. நையாயிகரான உதயணர் பௌத்தரோடு நடத்திய இந்த வாதம், 1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பிரான்சின் இல்லாத மன்னரைப் பற்றிய வாக்கியத்தைப் பிரித்துக் காட்டிய முறைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கியதால், இந்த அபாவ இலக்கணம் தமிழ் மாணாக்கருக்கும் பாடமாயிற்று.

அபாவம் தனிப்பொருளா என்பதில் வேத விளக்க மரபினரான மீமாம்சகரே பிளவுபட்டனர். அதை அறியத் தனிப் பிரமாணம் (அறியும் வழி) வேண்டும் என்றார் குமாரிலர். காணப்படும் வெறுந்தரைக்கு அப்பால் அபாவம் என்று எதுவும் இல்லை என்றனர் பிரபாகரர் வழியினர். எது நிறுவப்பட்டால் எந்தக் கட்சி தோற்கும் என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது.

பௌத்தரான நாகார்ச்சுனரின் சூனியவாதத்தையும் இங்கே நிறுத்திப் பார்க்கலாம். எல்லாமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பொருள்களுக்குத் தற்சார்பான இயல்பு இல்லை என்கிறார். எதனுடைய இன்மை, எங்கே என்ற இரு கேள்விக்கும் விடை இருக்கிறது. அத்தகைய இயல்பு எங்குமே இல்லையென்றால் அது பிரதியோகி ஆகுமா என்று நையாயிகர் மடக்கலாம். அப்போதும் அவர்கள் ஒரு வாதத்தோடுதான் மோதுகிறார்கள். நாகார்ச்சுனரின் கூற்று தவறாக இருக்கக்கூடும்; பொருளற்றது என்று தள்ளக் கார்னாப்பின் காரணம் போதாது.