‘தி’யும் ‘அன்’னும்: அரசகரும மொழிச் சட்ட வரலாற்றில் இரு சொற்கள்

ஆங்கிலத்தில் ‘தி’, ‘அன்’ என்பன பெயருக்கு முன்னின்று அதனை வரையறுக்கும் சிறு சொற்களாகும். முன்னையது கேட்போர் அறிந்த, தனித்த ஒன்றைச் சுட்டும். பின்னையது ஓரினத்தைச் சேர்ந்த பலவற்றுள் ஒன்றைக் குறிக்கும். மெய்யொலிக்கு முன் அது ‘அ’ எனக் குறுகும். தமிழில் பின்னையதற்கு ‘ஒரு’, ‘ஒன்று’ என்பன ஓரளவு ஈடாகும். முன்னையதற்கு நேரான சொல் இல்லை. மாணவர் பலர் மயங்கும் இவ்விரு சொற்களும் இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றிற் பெற்ற இடம் நோக்கத்தக்கது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை நாட்டின் ஒரேயோர் அரசகரும மொழியாக விதித்தது. அதன் ஆங்கில வாசகத்தில் ‘தி’யுடன் ஒன்று என்னும் எண்ணுப்பெயரும் சேர்ந்து நின்றது. தனிமையைச் சுட்டும் சொல்லுக்கு அத்தகைய மற்றொரு சொல்லும் துணையாயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் அவ்வெண்ணுப்பெயர் மறைந்தது, ‘தி’ நிலைத்தது. தமிழுக்கு 19ஆம் உறுப்புரையிலே தேசிய மொழி என்னும் நிலையே கிடைத்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. காரைநகர் மக்களுட் பலர் தென்னிலங்கை நகரங்களிற் கடை நடத்தியும் அரசாங்க உத்தியோகம் பார்த்தும் வாழ்ந்தவராவர். ஊரில் அயலவர் யாவரும் தமிழராயிருக்க, தொழில் செய்யும் இடத்தில் அரசின் மொழி வேறாயிற்று. அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சியின்மையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டமையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறியது. எனினும் மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்னும் வினாவை அது தீர்க்கவில்லை.

1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியொன்றாகும் என 18ஆம் உறுப்புரையிற் சேர்த்தது. ஆங்கிலத்தில் இவ்விடத்து நிற்பது ‘அன்’. தமிழில் ‘தமிழும்’ என்பதன் ஈற்றிலுள்ள உம்மை எச்சவும்மை. முன்னரே மற்றொன்று உண்டு என்பதை அது உணர்த்தும். உம்மைக்கு எட்டுப் பொருள் கூறிய தொல்காப்பியர் அவற்றுள் எச்சத்தையும் வைத்தார். ஆயினும் அதே உறுப்புரையின் முதற் பிரிவில் சிங்களத்துக்குரிய ‘தி’ நீக்கப்படவில்லை. தனித்த ஒன்றும் பலவற்றுள் ஒன்றும் அடுத்தடுத்த பிரிவுகளில் நிற்கின்றன.

1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் இம்முரணை நடைமுறையில் ஓரளவு தணித்தது. அதன்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகள் தமிழிலும், ஏனைய ஏழு மாகாணங்களிற் சிங்களத்திலும் பேணப்படல் வேண்டும். அவ்வேழு மாகாணங்களிலும் தமிழில் எழுதுவோர் தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையுடையர்.

எனவே காரைநகரிலுள்ள அலுவலகத்தில் ‘தி’க்கும் ‘அன்’னுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிதும் புலப்படாது. தென்னிலங்கையிற் கடை வைத்திருக்கும் காரைநகரார் ஒருவர் அரச அலுவலகமொன்றுக்குத் தமிழில் எழுதும் கடிதத்துக்கு எம்மொழியில் விடை வருகின்றது என்பதிலேயே ‘அன்’ என்னும் சொல்லின் மெய்ப்பொருள் துணியப்படும்.