ஈனி

1897 ஆகஸ்ட் 20. செகந்திராபாத்தின் பேகம்பேட்டையில் கொசுவின் வயிற்றுச் சுவரை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸ், சில உயிரணுக்களுக்குள் கரும்புள்ளிகளைக் கண்டார். மலேரியாக் கிருமியின் நிறமி என்று அடையாளம் தெரிந்தது. அந்தக் கருமை ஓர் அணைவுச் சேர்மம் என்று தெரிய வழியில்லை. ஆல்ஃபிரெட் வெர்னர் தம் அணைவுக் கொள்கையை வெளியிட்டு அப்போது நான்கே ஆண்டுகள்.

அணைவுச் சேர்மம் என்றால் நடுவில் ஓர் உலோக அணு. சுற்றிலும் அதற்கு எலக்ட்ரான் இரட்டை தருபவை. இவற்றுக்கு ஆல்ஃபிரெட் ஷ்டாக் 1916-இல் வைத்த பெயர் லிகண்ட். கட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து எடுத்தது. தமிழ்ப் பாடநூல் கட்டுவதை விட்டுவிட்டுத் தருவதைப் பிடித்துக்கொண்டது: ஈனி. பசு கன்று ஈனும், வாழை குலை ஈனும், அந்த ‘ஈன்’தான். பக்கத்திலேயே ‘ஈதல் சகப்பிணைப்பு’ என்றும் வருவதால் மாணவர் காதில் ஈகையும் சேர்ந்தே ஒலிக்கும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஈன்ற கன்று தாயை விட்டு விலகிவிடும். ஈந்த பொருள் கைமாறிவிடும். ஈனி தரும் இரட்டையோ இருவருக்கும் பொதுவாக நடுவிலேயே நிற்கிறது. நல்லவேளை, ‘அணைவு’ என்ற சொல் அதை ஈடுகட்டுகிறது. ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின், ஆறு அம்மோனியா உள்ள உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால் மூன்று குளோரினும் வெள்ளையாக வீழ்படியும். அம்மோனியா ஐந்தானால் இரண்டுதான் வீழும். மூன்றாவது உலோகத்தை அணைத்துக்கொண்டு வர மறுக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் உலோகத்தைப் பற்றும் ஈனிக்கு மார்கனும் ட்ரூவும் 1920-இல் நண்டுக் கொடுக்கின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்கள். தமிழில் கொடுக்கிணைப்பு. கொடுத்தல் போலக் காதில் விழுந்தாலும் இது கவ்வும் கொடுக்கு. நண்டு பிடித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள ஹீமில் பார்ஃபிரின் வளையம் நான்கு நைட்ரஜன்களால் இரும்பை இப்படித்தான் கவ்வியிருக்கிறது. மலேரியாக் கிருமி ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. ஆகவே ஹீம்களை இரண்டிரண்டாகக் கோத்துப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது: ஒன்றின் ஓரத்து ஆக்சிஜன் மற்றதன் இரும்புக்கு ஈனி. ராஸ் கண்ட கருமை அந்தப் படிகம்தான். பின்னாளில் வந்த குளோரோகுயின் அந்தப் படிகத்தை வளரவிடாமல் தடுத்தது. கிருமி, தின்ற சோற்றாலேயே செத்தது.