முல்லைத்தீவு வெளிச்சவீடு

முல்லைத்தீவு வெளிச்சவீடு, இலங்கையின் வடகிழக்குக் கரையில் முல்லைத்தீவு நகரின் கடலோரத்தில் 1896இல் எழுந்த இரும்புக் கோபுரம். உயரம் ஏறத்தாழ 20 மீற்றர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அழிந்துபோனது. ஏடுகளில் கலங்கரை விளக்கம் எனப்படுவதை ஈழத்துக் கரையோர மக்கள் வெளிச்சவீடு என்பர். கோபுரம் மறைந்த இடத்தில் பழைய ஒளிப்படமே சாட்சி என்பதால், அக்காலத்து வெளிச்சவீட்டுப் படங்களும் அவற்றில் நிற்கும் காப்பாளரும் இவ்வரலாற்றில் சேர்ந்தவை.

தோற்றம்

பருத்தித்துறையிலிருந்து முல்லைத்தீவு வரை தாழ்ந்த மணற்கரை. மாலுமி குறிவைக்க ஒரு குன்றும் இல்லை; இருட்டினால் பனைமரக் கூட்டமும் களப்பு முகமும் வேறுபடா. மார்கழி வாடையில் கடல் கொந்தளிக்கும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. ஆதலால் கொழும்பிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் செல்லும் பெரிய கப்பல்கள் தீவைச் சுற்றியே போயின. பிரித்தானியர் காலத்தில் கரை நெடுக விளக்குகள் எழுந்தன: தேவேந்திரமுனை 1889, காங்கேசன்துறை 1893, முல்லைத்தீவு 1896, மட்டக்களப்பு 1913, பருத்தித்துறை 1916.

அமைப்பு

பருத்தித்துறையில் நிற்பது கட்டடக் கோபுரம். முல்லைத்தீவில் நின்றது சட்டகக் கோபுரம். இரும்புக் கால்களைக் குறுக்குச் சட்டங்கள் பிணைக்கும். காற்று ஊடே புகுந்து போய்விடும். கற்கோபுரத்தைவிடப் பாரம் குறைவு என்பதால் மணல் நிலத்துக்கும் ஏற்றது.

காப்பாளர்

மின்சாரம் வருமுன் வெளிச்சவீடு மனித உழைப்பால் எரிந்தது. பொழுதுபட எண்ணெய் வார்த்துத் திரி கத்தரித்து ஏற்றுவதும், கண்ணாடியில் படியும் கரியைத் துடைப்பதும், சுழலும் விளக்கானால் அதன் பொறிக்குச் சாவி கொடுப்பதும், பதிவேடு எழுதுவதும் காப்பாளர் கடமைகள். விடிந்ததும் விளக்கறைத் திரையை இழுத்து மூடுவார். மூடாவிட்டால் வில்லை வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிடும். இரவு முழுதும் கண் விழித்த அந்த உழைப்பை, கரை சேர்ந்த ஒவ்வொரு தோணியும் அறியும்.

ஒளிப்படங்கள்

ஈரத்தகட்டு முறையில் படம்பிடிப்பவர் இருட்டறையையும் கூடவே சுமந்தார்; தகடு காயுமுன் கழுவ வேண்டும். நீண்ட நேரப் பதிவில் அலைகள் பனிமூட்டம்போலக் கலங்கிவிடும். அசையாத கோபுரமே தெளிவாக விழும். 1880களில் உலர்தகடு பரவியதும் தொலைதூரக் கரைகளுக்குக் கமெரா போவது எளிதாயிற்று. முல்லைத்தீவுக் கோபுரம் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் பகலில் எடுக்கப்பட்டவை. இரவில் பிறக்கும் ஒளி அவற்றில் இல்லை. ஆனால் அதை ஏற்றிய காப்பாளர் சிலவற்றில் இருக்கிறார். கோபுரத்தடியில் நிற்கும் அவரைக் கொண்டு கட்டடத்தின் உயரத்தைக் கணிக்கலாம். ஆனால் அவரை வெறும் அளவுகோலாகக் காண்பது தகாது. அந்த விளக்கு எரிந்ததற்கு அவரே காரணம்.

அழிவும் ஆவணமும்

1996 ஜூலைச் சண்டை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2009இன் இறுதிப் போர் என முல்லைத்தீவு அடுத்தடுத்து அழிவுகளைக் கண்டது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீட்டோடு படத்தொகுப்புகளையும் இழந்தன. ஆகவே, எஞ்சிய ஒரு படத்தில் கரைவலை இழுப்பவருக்குப் பின்னால் தற்செயலாகப் பதிந்த கோபுரத்தின் இரும்புச் சட்டமும் வரலாற்றுச் சான்று. ஈழத்து ஒளிப்படங்களை எண்ணிமப்படுத்திப் பேணும் பணியை நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்னும் காப்பகம் செய்துவருகிறது. படத்தின் பின்புறம் இடமும் ஆண்டும் நிற்பவர் பெயரும் எழுதப்பட்டால், விளக்கேற்றியவரும் கோபுரத்தோடு நினைவில் நிற்பார்.