டிசம்பர் 3 லீவு, போபாலுக்கு மட்டும்: ஒரு துக்க நாள் விடுமுறையாவது எப்படி?

ஆண்டுதோறும் டிசம்பர் 3 அன்று போபாலில் அரசு அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை. அதே மாநிலத்தில் இருக்கும் இந்தூருக்கு அது வேலை நாள் (ஞாயிறாக இல்லாத வரை).

1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உலகின் மிக மோசமான தொழிற்சாலை விபத்து இது. அப்போ நாடு முழுக்க ஏன் விடுமுறை இல்லை?

நினைவு நாள் வேறு, விடுமுறை வேறு. ஆகஸ்ட் 14-ஐ பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாக மத்திய அரசு 2021-ல் அறிவித்தது. அன்று நமக்கு லீவு கிடையாது. வங்கிகள் உட்பட மூடும் பொது விடுமுறைக்கு, 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 25-ன் கீழ் அறிவிக்கை வரணும். அந்த அதிகாரம் மாநிலங்களுக்கும் உண்டு. உள்ளூர் விடுமுறை இதில் சேராது.

வந்தாலும் ஐ.டி. கம்பெனிக்காரருக்கு லீவு உறுதியில்லை. தனியார் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம். தமிழ்நாட்டின் 1958 சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம். கூடவே ஐந்து பண்டிகை விடுமுறைகள். அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போனால்? பொது விடுமுறை அடிப்படை உரிமை அல்ல என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

கனடா வேறு வழியில் போனது. உறைவிடப் பள்ளிகளில் சிதைக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளின் நினைவாக, செப்டம்பர் 30-ஐ 2021-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலமே விடுமுறையாக்கியது. ஆனால் அதுவும் மத்திய அரசின் கீழ் வரும் ஊழியர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு மாகாணங்கள் முடிவு செய்யணும்.

டேட்டா பார்க்கிற ஆளாக எனக்கு லீவைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கைதான். யாரை நினைவுகூர்கிறோம் என்பதிலேயே கணக்கு ஒத்துப்போகலை. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனபோது, இறந்தவர்கள் சுமார் 3,000 பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு மத்திய அரசே 5,295 என்று சொல்லி, கூடுதல் இழப்பீடு கேட்டது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

அவர்கள் டிசம்பர் 3-ல் பேரணி போவார்கள். ஆலை வளாகத்தில் கிடந்த சுமார் 337 டன் நச்சுக்கழிவு லாரி ஏறியது 2025 ஜனவரியில்தான்.