நாட்பட்ட வலியும் உயிரணு முதுமையும்: வாழ்முறை மாற்றத்தின் பங்கு

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும் வலியையும் நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, உடல் முழுவதும் நோவெடுக்கும் ஃபைப்ரோமயால்ஜியா ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்காவில் 2016-இல் எடுத்த அரசுக் கணக்கின்படி வயதுவந்தோரில் 20.4 சதவீதம் பேருக்கு இத்தகைய வலி இருந்தது. இவர்களில் ஒரு பகுதியினரின் உயிரணுக்கள் பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயதைவிட மூத்துத் தெரிகின்றன என்பது கடந்த இருபது ஆண்டுகளில் சேர்ந்த ஆய்வுகளின் செய்தி. உடற்பயிற்சி, உணவு, உறக்கம், மனஅழுத்தத் தணிப்பு ஆகியவற்றால் இந்த மூப்பைத் தாமதப்படுத்த முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உயிரணுவின் வயது

மனித உயிரணு முடிவில்லாமல் பிரிந்துகொண்டே இருக்காது என்பதை 1961-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியனார்டு ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் இருவரும் காட்டினர். ஆய்வகக் குடுவையில் வளர்த்த உயிரணுக்கள் ஐம்பது முறை அளவில் பிரிந்து ஓய்ந்துவிட்டன. காரணம் குரோமோசோமின் நுனியில் இருந்தது. அங்கே டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்டிருக்கிறது. இதுவே டெலோமியர். நூல் பிரியாமல் வேட்டியைக் கரை காப்பதுபோல மரபுப்பொருளான டி.என்.ஏ.யின் ஓரத்தை இது காக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் சிறிது தேய்கிறது. போதிய அளவு தேய்ந்ததும் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது, அல்லது மடிகிறது.

தேய்ந்ததை நீட்டித் தரும் நொதியும் உண்டு. டெலோமரேஸ் எனப்படும் அதைக் கரோல் கிரைடர், எலிசபெத் பிளாக்பர்ன் இருவரும் 1984-இல் குளத்து நீரில் வாழும் ஓரணு உயிரி ஒன்றில் கண்டுபிடித்தனர். ஜாக் ஷோஸ்டாக்குடன் சேர்ந்து இவர்கள் 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பிரிவதை நிறுத்திய உயிரணு அமைதியாக இருந்துவிடுவதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிடுகிறது. மூட்டுக் குருத்தெலும்பில் இப்படிப்பட்ட அணுக்கள் சேர்ந்தால் திசு மேலும் சிதையும், நரம்பு நுனிகள் மேலும் கூருணர்வு பெறும். வலிக்கும் முதுமைக்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற இது ஒரு காரணம். முழங்கால் தசைநாரைச் சேதப்படுத்திய எலிகளில் இத்தகைய மூத்த அணுக்களை அகற்றியபோது வலி குறைந்ததாக 2017-இல் செய்தி வந்தது. ஆனால் அதே வழியில் மனித முழங்காலில் சோதித்த யு.பி.எக்ஸ்.0101 என்ற ஊசி மருந்து 2020-இல் வெற்று ஊசியைவிட மேலானதாக இல்லை. மருந்தால் மூப்பைத் துடைத்துவிடலாம் என்ற அவசர நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

டெலோமியரைத் தவிர இன்னொரு அளவுகோல் டி.என்.ஏ.மீது ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் படிக்கும் எபிஜெனெடிக் கடிகாரம். லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் வெளியிட்ட கடிகாரம் மரபுப்பொருளின் 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணித்தது.

வலி உள்ளவர்களிடம் கண்டது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஃப்டன் ஹேசெட்டின் குழு ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 66 பெண்களின் வெள்ளணுக்களை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. வலி மட்டுமோ மனச்சோர்வு மட்டுமோ கடுமையாக இருந்தவர்களைவிட, இரண்டும் சேர்ந்து கடுமையாக இருந்தவர்களின் நிலையே கவனத்தை ஈர்த்தது. இரண்டும் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் டெலோமியர் 265 எழுத்திணைகள் (டி.என்.ஏ.யின் எதிரெதிர் எழுத்துச் சோடிகள்) குட்டை. ஏறத்தாழ ஆறு ஆண்டு மூப்புக்கு அது சமம். முழங்கால் தேய்மான வலி உள்ள முதியோரிடம் அதே ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு ஆய்விலும் வலியும் மனஅழுத்தமும் சேர்ந்திருந்தவர்களிடமே குட்டையான டெலோமியர் காணப்பட்டது.

இவை ஒரே வேளையில் எடுத்த இரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்வுகள். வலி வந்ததால் அணு மூத்ததா, ஏற்கெனவே மூத்த அணுக்கள் உள்ளவருக்கு வலி எளிதில் பிடித்ததா என்று இவற்றைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்லலாம். பரிசோதனையில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் ஏராளம். அவர்களின் துன்பத்துக்கு இரத்தத்தில் ஒரு தடயம் இருப்பதைக் காட்டியதே இந்த ஆய்வுகளின் முதல் பயன்.

முடக்குவாதத்தில் சான்று இன்னும் உறுதியானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யோர்க் கோரன்சி, கார்னேலியா வேயண்ட் ஆகியோரின் குழு, முடக்குவாத நோயாளிகளின் டி-அணுக்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் டெலோமியர் வயதுக்குப் பொருந்தாத அளவு குறுகியிருப்பதை 2000-இல் காட்டியது. அந்த அணுக்களில் டெலோமரேஸ் போதுமான அளவு உருவாகாததே ஒரு காரணம் என்று அதே குழு 2009-இல் கண்டது. சி.டி.28 என்ற மேற்பரப்புப் புரதத்தை இழந்த மூத்த டி-அணுக்கள் இந்நோயில் பெருகிக் கிடக்கின்றன.

தேய்மானம் விரையும் வழி

தீராத அழற்சி நோயெதிர்ப்பு அணுக்களை ஓயாமல் பிரியச் செய்கிறது. ஒவ்வொரு பிரிவும் ஒரு தேய்வு. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஜி எழுத்தே முதலில் பழுதாகும். டெலோமியரின் அந்த ஆறெழுத்தில் பாதி ஜி. நெடுநாள் மனஅழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் டி-அணுக்களின் டெலோமரேஸ் வேகத்தைக் குறைக்கிறது. வலியில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒருங்கே நேர்கின்றன. அதோடு உறக்கம் கெடுகிறது, நடமாட்டம் சுருங்குகிறது, எடை ஏறுகிறது. வாழ்முறை மாற்றம் கைவைப்பது இந்தச் சங்கிலியின்மீதுதான்.

எய்ம்ஸ் ஆய்வு

புதுதில்லி எய்ம்ஸில் ரீமா தாதா, சுரபி கௌதம், உமா குமார் முதலியோர் நோய் தீவிரமாக இருந்த 64 முடக்குவாத நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்து இரு பிரிவிலும் தொடர்ந்தது. 2023-இல் வெளியான முடிவில் யோகா செய்தவர்களின் நோய்த் தீவிரம் குறைந்திருந்தது. மூட்டழற்சியைத் தூண்டும் டி.எச்.17 அணுக்களில் சி.டி.28-ஐ இழந்த மூத்தவற்றின் பங்கும் குறைந்திருந்தது. வலி நோய் உள்ளவர்களிடமே, ஒப்பீட்டுப் பிரிவோடு, அணு மூப்பை அளந்த ஆய்வுகள் மிகச் சில. அதனால்தான் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது. எட்டு வாரம் குறைந்த காலம் என்பதையும், தான் யோகா செய்கிறோமா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இதே நிறுவனத்தில் நலமாக உள்ள 96 பேருக்குப் பன்னிரண்டு வாரம் யோகாவும் தியானமும் தந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் டெலோமரேஸ் செயல்பாடு உயர்ந்தது. டெலோமியர் நீளம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. நொதி சில வாரங்களில் அசையும், நீளம் அசைய மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்பது பிற ஆய்வுகளிலும் தென்படும் போக்கு.

உடற்பயிற்சி

ஜெர்மனியில் கிறிஸ்டியான் வெர்னரும் உல்ரிஷ் லாவ்ஃப்ஸும் நடத்திய ஆய்வில் உடலுழைப்பு இல்லாத, ஆனால் நலமாக உள்ள 124 பேர் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று முறை 45 நிமிடம் பயிற்சி செய்தனர். ஓட்டம் போன்ற தாங்குதிறன் பயிற்சியும் இடைவிட்ட வேகப் பயிற்சியும் டெலோமரேஸை இரண்டு மூன்று மடங்கு உயர்த்தின, டெலோமியரையும் நீட்டின. எடைக் கருவிகளில் செய்த தசைப் பயிற்சி அப்படிச் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு முழங்கால் வலிக்காரர் தொடைத் தசைப் பயிற்சியை விட்டுவிட்டால் பெரும் தவறாகும். மூட்டைத் தாங்குவது அந்தத் தசை. வலியைக் குறைப்பதிலும் படியேற வைப்பதிலும் அதன் பயன் நன்கு நிறுவப்பட்டது. அணுவுக்கு நல்லது எது என்ற கேள்வி ஆளுக்கு நல்லது எது என்ற கேள்விக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2017-இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்குத் திருத்தி வெளியிட்ட பரிந்துரைகளில், ‘வலுவாக ஆதரிக்கிறோம்’ என்ற தகுதியைப் பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. எந்த மருந்துக்கும் அது கிடைக்கவில்லை.

நடைமுறையில் தடுமாறுவது அளவில்தான். வலி குறைந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் செய்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது இந்நோயாளிகளின் பழகிய சுழல். வலி மருத்துவமனைகளின் பிசியோதெரபிஸ்டுகள் இதை உடைக்க ஒரு முறையைக் கற்பிக்கிறார்கள். நல்ல நாளிலும் மோசமான நாளிலுமாகச் சில நாள், எத்தனை நிமிடம் நடந்தால் வலி கூடுகிறது என்று குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் என்று வந்தால் எட்டு நிமிடத்தில் தொடங்க வேண்டும். நல்ல நாளிலும் எட்டே. வலித்த நாளிலும், முடிந்தவரை, எட்டே. பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். கடிகாரம் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துவதுதான் பலருக்கும் கடினமான பாடம். முதல் சில வாரங்களில் நோவு சற்றுக் கூடுவது இயல்பு. அதை முன்கூட்டியே சொல்லாததால் பயிற்சியைக் கைவிட்டவர்கள் பலர். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காலில் திடீர்ப் பலவீனம் வந்தாலோ, பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உணவு, எடை, புகை

அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் குழு தொடக்கநிலை புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் உள்ள ஆண்களுக்குத் தாவர உணவு, நடை, யோகா சார்ந்த மனஅழுத்தத் தணிப்பு, குழு ஆதரவு ஆகியவற்றை ஒன்றாகத் தந்தது. ஐந்தாண்டு கழித்து டெலோமியர் இவர்களிடம் சுமார் 10 சதவீதம் நீண்டிருந்தது, ஒப்பீட்டுப் பிரிவில் 3 சதவீதம் குறைந்திருந்தது. 2013-இல் வந்த இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் மாற்றத்தைக் கடைப்பிடித்த பிரிவில் இருந்தவர்கள் பத்தே பேர், அவர்கள் குலுக்கலில் தேர்வானவர்களும் அல்லர். வலி நோயாளிகளுக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்வது சரியல்ல.

வலியை நேரடியாக அளந்த உணவு ஆய்வு ஆம்ஸ்டர்டாமின் ரீட் மையத்தில் நடந்தது. மூட்டுத் தேய்மானமும் வளர்சிதைக் கோளாறும் உள்ள 66 பேரில் ஒரு பிரிவினர் பதினாறு வாரம் முழுத் தாவர உணவு, உடலியக்கம், மனஅழுத்தத் தணிப்பு மூன்றையும் கடைப்பிடித்தனர். அவர்களின் வலியும் விறைப்பும் தெளிவாகக் குறைந்தன. முழங்கால் வலியில் எடைக்குறைப்பின் பயன் கணக்கிலேயே தெரிகிறது: உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின்மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

புகையின் கணக்கும் உண்டு. 1,122 பெண்களிடம் செய்து 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தினம் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்ததற்குக் கூடுதலாக ஐந்து எழுத்திணைகள் தேய்ந்திருந்தன.

உறக்கம்

ஒரே ஓர் இரவின் உறக்கத்தைப் பாதியாக்கினாலே, முதியவர்களின் வெள்ளணுக்களில் டி.என்.ஏ. பழுதுக்கான எதிர்வினையும் மூப்பைக் குறிக்கும் மரபணுக்களும் விழித்துக்கொள்வதை ஆய்வாளர் ஜூடித் கேரலின் குழு காட்டியுள்ளது. வலி உறக்கத்தைக் கெடுக்கும். கெட்ட உறக்கம் மறுநாள் வலியைக் கூட்டும். ஆகவே தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையை வலிச் சிகிச்சையின் பின்னிணைப்பாக அல்லாமல் அதன் நடுவிலேயே வைக்க வேண்டும் என்பது நியாயமான வாதம். குறித்த நேரத்தில் எழுவது, உறக்கம் வராதபோது படுக்கையைவிட்டு எழுந்துவிடுவது, பகல் தூக்கத்தைச் சுருக்குவது ஆகியவை அதன் அடிப்படை.

அளவீட்டின் வரம்புகள்

டெலோமியர் ஆய்வுகளில் பெரும்பாலானவை ரிச்சர்டு காத்தன் 2002-இல் அறிமுகப்படுத்திய பி.சி.ஆர். முறையைப் பயன்படுத்துகின்றன. மலிவானது, விரைவானது, ஆனால் பிழைவரம்பு பெரிது. ஓராண்டில் டெலோமியர் தேய்வதே சில பத்து எழுத்திணைகள்தான். இரண்டு முறை அளந்தால் வரும் வேறுபாடு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மேலும் இரத்தத்தில் பலவகை வெள்ளணுக்கள் உள்ளன, ஒவ்வொன்றின் டெலோமியரும் வெவ்வேறு நீளம். அழற்சி தணிந்ததும் அணுக்களின் விகிதம் மாறும். எந்த அணுவிலும் ஓர் எழுத்துகூட நீளாமலேயே சராசரி நீண்டதாகத் தெரியும். நோயாளிக்கு அதுவும் நல்ல செய்திதான். ஆனால் அதை முதுமை திரும்பியது என்று விளம்பரப்படுத்துவது பொய்.

நீண்ட டெலோமியர் எப்போதும் நன்மை என்பதும் உண்மையல்ல. மரபு வழியிலேயே நீளமாக அமைந்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்புக் குறைவாகவும் சில புற்றுநோய்களின் வாய்ப்புக் கூடுதலாகவும் இருப்பதை 2017-இல் வந்த பெரிய மரபியல் ஆய்வு காட்டியது. டெலோமியரை நீட்டும் என்று விற்கப்படும் மாத்திரைகளை வலி நோயாளிகள் வாங்கத் தேவையில்லை. தனியார் நிறுவனங்கள் விற்கும் ‘உயிரியல் வயது’ பரிசோதனையைக் கொண்டு ஒருவரின் சிகிச்சையை மாற்றும் நிலையும் இன்று இல்லை. வாழ்முறை மாற்றம் பலிக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கேட்பவை எளியவை: பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் வலி எத்தனை, இரவில் எத்தனை முறை விழிப்பு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடை, காலை விறைப்பு விலக எத்தனை நிமிடம், வலி மாத்திரை முன்பைவிடக் குறைந்ததா. இவற்றுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.